ரேட் ஏறட்டும் என்று காத்திருக்கலாமா? வளைகுடாவிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

துபாய்க்கு நான் வந்தது 2009-ல். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை. அதனாலேயே ரூமில் யாருக்குச் சம்பளம் ஏறினாலும் முதல் கேள்வி என்னிடம்தான் வரும்: "அண்ணே, இன்னைக்கு அனுப்பலாமா?" திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கணக்குக்கு வசதியாக ஒரு திர்ஹாம் 24 ரூபாய், அனுப்புகிற தொகை 3,000 திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் படிக்கும் அன்று ரேட் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை மாறாது.

இன்றைக்கு அனுப்பலாமா, நாலு நாள் பொறுக்கலாமா?

பணம் எதற்கு, எந்தத் தேதிக்கு வேண்டும்? இதற்குப் பதில் தெரியாமல் ரேட்டைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஐந்தாம் தேதி வீட்டுக் கடன் தவணை என்றால் மூன்றாம் தேதிக்குள் பணம் ஊரில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு மருந்து, பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ், மாதச் செலவு எல்லாமே இந்த வகைதான். சம்பளம் வந்த அன்றோ மறுநாளோ அனுப்பிவிட்டு வேலையைப் பாருங்கள். தேதி இல்லாத பணம், அதாவது சேமிப்புக்குப் போகும் பணம் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். பலருக்கு அந்தப் பணம் சம்பளத்தில் கால்வாசி கூட வராது.

திர்ஹாம் ரேட் ஏன் ஏறி இறங்குகிறது?

திர்ஹாம் தானாக ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. 1997 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். சவூதி ரியால் 3.75, கத்தார் ரியால் 3.64. இவையும் அப்படித்தான். ஆகவே டாலர் ரேட்டை 3.6725-ஆல் வகுத்தால் திர்ஹாம் ரேட் வந்துவிடும். டாலர் 88 ரூபாய் என்றால் திர்ஹாம் 23.96. டாலர் 90 என்றால் 24.51.

இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். துபாயில் வியாபாரம் எப்படி, இங்கே வாடகை ஏறுகிறதா என்பதற்கும் பலகையில் ஓடும் ரேட்டுக்கும் தொடர்பில்லை. இந்தியா கச்சா எண்ணெய்க்கு எவ்வளவு டாலர் கொடுக்கிறது, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பங்குச் சந்தையிலிருந்து பணத்தை எடுக்கிறார்களா, அமெரிக்காவில் வட்டி எப்படி, ரிசர்வ் வங்கி டாலரை விற்று ரூபாயைத் தாங்குகிறதா என்பவைதான் நம் ரேட்டைத் தீர்மானிக்கின்றன. இதையெல்லாம் முன்கூட்டியே கணிக்கத் தெரிந்த ஆள் எட்டுப் பேர் இருக்கும் ரூமில் படுத்திருக்க மாட்டார்.

காத்திருந்தால் உண்மையில் எவ்வளவு கூடும்?

டாலர் முழுசாக ஒரு ரூபாய் ஏறினால் திர்ஹாம் 27 பைசா ஏறும். 3,000 திர்ஹாமுக்கு அது 817 ரூபாய். சாதாரண மாதங்களில் டாலர் ஒரு ரூபாய் நகர்வதே பெரிய விஷயம். 2023 முழுக்க டாலர் ஏறக்குறைய 81-க்கும் 83.50-க்கும் நடுவிலேயே கிடந்தது. அந்த வருடம் "85 வரும்" என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி மாதக்கணக்கில் பணத்தைப் பிடித்து வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். அனுப்பும் கட்டணம் 20 திர்ஹாம் என்றால் 5 சதவீத வாட் வரி சேர்த்து 21. ரூபாயில் 504. அப்புறம் சந்தை ரேட் 24.00 இருக்கும்போது எக்ஸ்சேஞ்ச் (பணம் மாற்றி அனுப்பும் கடை) பலகையில் 23.85 போட்டிருப்பார்கள். அந்த 15 பைசாவில் 450 ரூபாய் போகிறது. இரண்டும் சேர்த்து 954. டாலர் ஒரு ரூபாய் ஏறுவதற்காகத் தவம் கிடப்பவர், அதைவிடப் பெரிய தொகையை ஒவ்வொரு மாதமும் கவுன்டரில் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறார். நல்ல ரேட் தரும் இடத்தைத் தேடி இரண்டு கடை ஏறி இறங்குவது கைமேல் கிடைக்கிற லாபம். ரேட் ஏறுவது கிடைத்தால்தான் உண்டு.

ஊரில் கடன் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்து அனுப்பினால் சேர்த்து அடைக்கலாமே?

என்ன வட்டி? நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டியென்றால் 72,000 ரூபாயை ஒரு மாதம் இங்கே வைத்திருப்பதற்கு ஊரில் ஏறுகிற வட்டி 2,160. அதை ஈடுகட்ட ஒரே மாதத்தில் டாலர் இரண்டரை ரூபாய்க்கு மேல் ஏறியாக வேண்டும். நகைக்கடன் வருடத்துக்கு 12 சதவீதம் என்றால் மாதம் 720 ரூபாய். அதற்கே டாலர் கிட்டத்தட்ட 90 பைசா ஏற வேண்டும். வட்டிக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார். கடன் உள்ளவருக்குச் சம்பள நாள்தான் நல்ல ரேட் உள்ள நாள்.

2013-ல் காத்திருந்தவர்கள் நிறைய சம்பாதித்தார்களாமே?

அன்று அனுப்பியவர்கள் சம்பாதித்தார்கள். காத்திருந்தவன் நான். கேளுங்கள்.

2013 தொடக்கத்தில் டாலர் 55 ரூபாய்க்குப் பக்கம். ஆகஸ்டில் ரூபாய் தினம் தினம் சரிந்தது. ஆகஸ்ட் 28-ஆம் தேதி டாலர் 68.80-ஐத் தொட்டது. திர்ஹாமுக்கு 18.70 அளவு. அன்று மாலை துபாயில் தேரா பகுதிப் பக்கம் நான் போன எக்ஸ்சேஞ்சில் வரிசை கதவுக்கு வெளியே நடைபாதை வரை நின்றது. உள்ளே ஏ.சி. வேலை செய்கிறதா என்றே தெரியவில்லை. டோக்கன் எண் 300-ஐத் தாண்டியிருந்தது. எனக்கு முன்னால் நின்ற அறந்தாங்கிக்காரர் வீட்டுக்கு ஃபோன் போட்டு, "சித்தப்பாகிட்ட சொல்லு, இன்னைக்கே எல்லாத்தையும் அனுப்பிடுறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிவப்பு எழுத்துப் பலகையில் 18.45 ஓடியது. என் கையில் இரண்டு மாதச் சம்பளமும் கம்பெனியில் வாங்கிய முன்பணமுமாக 8,000 திர்ஹாம். தங்கச்சி கல்யாணத்துக்கு. கல்யாணம் ஐப்பசியில்தான், இன்னும் நாள் இருக்கிறது. டிவியில் டாலர் 70, 72 என்று பேசிக்கொண்டிருந்தார்கள். 19 வந்ததும் அனுப்பலாம் என்று டோக்கனைக் கசக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அன்று இரவே ரிசர்வ் வங்கி, எண்ணெய் நிறுவனங்களுக்கு வேண்டிய டாலரைத் தானே நேரடியாகத் தருவதாக அறிவித்தது. செப்டம்பர் 4-ல் ரகுராம் ராஜன் கவர்னராக வந்தார். வெளிநாடு வாழ் இந்தியர்களின் டாலர் வைப்புத்தொகையை ஈர்க்கத் தனிச் சலுகை கொடுத்தார். அதில் கோடிக்கணக்கில் டாலர் வந்து குவிந்தது. அக்டோபரில் டாலர் 61-62-க்கு வந்துவிட்டது. நான் ஒவ்வொரு நாளும், "நாளைக்குத் திரும்ப ஏறும்" என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் பத்திரிகை அடித்து மண்டபத்துக்கு மீதிப் பணம் கட்ட வேண்டிய வாரத்தில் 16.65-க்கு அனுப்பினேன். 14,400 ரூபாய் போச்சு. அன்றைய விலையில் அரைப் பவுனுக்கு மேல். அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இதில் இரண்டு தப்பு. தேதி வைத்த பணத்தைச் சூதாட்டத்தில் வைத்தது ஒன்று. 19 என்ற எண்ணுக்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லாதது இன்னொன்று. முழு எண்ணாக இருந்தது, அவ்வளவுதான்.

ரூபாய் எப்படியும் விழத்தானே செய்யும்? திர்ஹாமாகவே வைத்திருந்தால் என்ன?

எப்போதும் விழுந்துகொண்டே இருப்பதில்லை. 2007 தொடக்கத்தில் டாலர் 44 ரூபாய். அந்த வருடக் கடைசியில் 40-க்கும் கீழே. திர்ஹாம் 10.70-க்கு வந்தது. நான் வருவதற்கு முன்பு நடந்தது இது. அந்தக் காலத்து ஆட்கள் அதைப் பஞ்சகாலம் போலச் சொல்வார்கள்: இங்கே வாடகை ஏற்றம், அனுப்பினால் ரூபாய் குறைவு.

நீண்ட காலத்தில் விழுகிறது என்பது சரி. 2013 கடைசியில் 62 ரூபாய்க்குச் சற்றுக் கீழே இருந்த டாலர் 2022 ஜூலையில் 80-ஐத் தாண்டியது, 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. கேட்க மலைப்பாக இருக்கும். பன்னிரண்டு வருடத்துக்குப் பரப்பிப் பார்த்தால் வருடத்துக்கு 3 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது. அதே காலத்தில் இந்திய வங்கிகளில் வைப்புநிதி வட்டி பெரும்பாலும் 5 முதல் 9 சதவீதத்துக்குள் இருந்தது. என்ஆர்இ கணக்கில் (வெளிநாட்டில் இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்திய வங்கிகளில் உள்ள ரூபாய்க் கணக்கு) போட்டிருந்தால் அந்த வட்டிக்கு இந்தியாவில் வரியும் கிடையாது. சம்பளக் கணக்கில் வட்டியில்லாமல் திர்ஹாமாகத் தூங்கவிட்டவரை விட, மாதாமாதம் அனுப்பி வைப்புநிதியில் போட்டவர் கையில்தான் கூடுதலாக இருக்கும். அதுவும் ரேட்டையே பார்க்காமல்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். என்ஆர்இ வைப்புநிதிக்குக் குறைந்தது ஒரு வருடம். அதற்குள் உடைத்தால் வட்டி இல்லை.

ரேட் நன்றாக இருக்கிறது, சம்பளம் இன்னும் வரவில்லை. கிரெடிட் கார்டில் எடுத்து அனுப்பலாமா?

வேண்டாம். ரூபாய் விழும்போதெல்லாம் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுத்த அன்றே கட்டணம், அன்றிலிருந்தே வட்டி. மாதம் 3 சதவீத வட்டி என்றால் திர்ஹாம் 24-லிருந்து 24.72-க்கு ஏறியதற்குச் சமமான தொகையை நீங்களே கட்டுகிறீர்கள்.

எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் அனுப்பினால் நல்லது?

இந்தியாவில் வங்கிகளுக்கிடையிலான டாலர் சந்தை காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 3.30-க்கு முடியும். இங்கே அது காலை 7.30 முதல் பகல் 2 மணி. அந்த நேரத்தில் ரேட் உயிரோடு இருக்கும். சனி, ஞாயிறு சந்தை மூடியிருக்கும். திங்கள்கிழமை ரேட் எப்படித் திறக்குமோ என்ற பயத்தில் எக்ஸ்சேஞ்சுகள் சில பைசா குறைத்தே வைப்பார்கள். 2022-க்கு முன்பு இங்கே வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருந்தபோது இந்தியாவில் அன்று சந்தை உண்டு. குளித்துத் தொழுகை முடித்துச் சாவகாசமாகப் போய் அன்றைய ரேட்டிலேயே அனுப்பலாம். இப்போது ஞாயிறு விடுமுறை, ஞாயிறு ரேட் பழையது. ஆப் வைத்திருப்பவர்கள் செவ்வாயோ புதனோ சாப்பாட்டு இடைவேளையில் அனுப்பலாம். மாதக் கடைசிக் கூட்டமும் இருக்காது. அதற்காகக் கிழமை பார்த்து ஒரு வாரம் தள்ளிப் போடாதீர்கள். வித்தியாசம் சில பைசாதான்.

எக்ஸ்சேஞ்சா, ஆப்பா, வங்கியா?

ரேட்டையும் கட்டணத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். "கட்டணம் இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பவர் ரேட்டில் பிடித்துக்கொள்வார். ஒரே நேரத்தில், ஒரே தொகைக்கு, ஊர்க் கணக்கில் எத்தனை ரூபாய் விழும் என்று மூன்று இடத்தில் கேளுங்கள். அதிகம் சொல்பவரிடம் அனுப்புங்கள். சின்னத் தொகைக்குக் கட்டணம் வலிக்கும், பெரிய தொகைக்கு ரேட் வலிக்கும். 500 திர்ஹாமை வாரம் ஒருமுறை அனுப்புகிற தம்பி ஒருவன் எங்கள் ரூமில் இருந்தான். மாதம் நாலு முறை 21 திர்ஹாம். ஊரில் கிலோ கணக்கில் கறி வாங்குகிற காசுக்கு ரசீதுதான் வைத்திருந்தான்.

பழைய ஆட்கள் சிலர் இன்னும் "ஆயிரத்துக்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். ஆயிரம் ரூபாய் அனுப்ப எத்தனை திர்ஹாம் என்று அர்த்தம். அதில் எண் குறைந்தால்தான் நமக்கு நல்லது. புதிதாக வந்தவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

உண்டியலில் (வங்கி வழியில்லாமல் ஆள் மூலம் அனுப்புவது, ஹவாலா) ரேட் கூடக் கிடைக்கிறதே?

கிடைக்கும். பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுப்பார்கள். இந்தியாவில் அப்படி வாங்குவது அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறுவது. சட்டத்தை விடுங்கள், நாளைக்கு இடம் வாங்கிப் பத்திரம் பதியும்போது "இந்தப் பணம் எப்படி வந்தது?" என்று வருமான வரி அலுவலகம் கேட்டால் காட்டுவதற்கு ஒரு துண்டுச்சீட்டு இருக்காது. பணம் வரவில்லை என்றால் புகார் கொடுக்கவும் இடமில்லை.

கல்யாணம், வீடு என்று பெரிய தொகை. மொத்தமாகவா, பிரித்தா?

பிரித்து. தேதி தெரிந்த செலவென்றால் அதற்கு முன்னால் உள்ள மாதங்களில் மூன்று நான்கு பங்காக அனுப்புங்கள். ஒரு பங்கு நல்ல ரேட்டில் போகும், ஒன்று மட்டமான ரேட்டில் போகும், சராசரி கிடைக்கும். உச்ச ரேட் கிடைக்காது என்பது உண்மைதான். தம்பி கல்யாணத்துக்கு அப்படித்தான் செய்தேன், இரவில் தூக்கம் வந்தது. கடைசிப் பங்கு செலவு நாளுக்கு ஒரு வாரம் முன்பே போய்ச் சேரட்டும். முகூர்த்த நாள் பார்த்துப் பத்திரப் பதிவுக்கு டோக்கன் போட்டிருப்பார்கள். பேர் எழுத்து ஒன்று மாறி வங்கியில் பணம் நின்றுவிட்டால் அந்த நாள் போய்விடும்.

என்ஆர்இ, என்ஆர்ஓ எதில் போடுவது?

வெளிநாட்டுச் சம்பளம் என்ஆர்இ-யில். ஊரில் வரும் வாடகை, விளைச்சல் பணம் என்ஆர்ஓ-வில். என்ஆர்ஓ வட்டிக்கு வரி பிடிப்பார்கள். என்ஆர்இ பணத்தைத் திரும்பவும் வெளிநாட்டுக்கு எடுக்கத் தடையில்லை. ரூபாய் விழுமோ என்ற பயம் தீரவேயில்லை என்றால் எஃப்சிஎன்ஆர் என்று ஒரு வைப்புநிதி உண்டு. இந்திய வங்கியிலேயே டாலராக 1 முதல் 5 வருடம் வைக்கலாம். வட்டி பொதுவாகக் குறைவு, ரேட் கவலை இல்லை. வெளிநாடு வந்த பிறகும் ஊரில் பழைய சாதாரண சேமிப்புக் கணக்கையே ஓட்டிக்கொண்டிருந்தால் வங்கியில் சொல்லி என்ஆர்ஓ-வாக மாற்றிக்கொள்ளுங்கள்.

குவைத், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து அனுப்புகிறவர்களுக்கும் இதே கணக்கா?

இல்லை. குவைத் தினார் 2007 முதல் பல நாணயங்கள் சேர்ந்த ஒரு கூடையோடு கட்டப்பட்டிருக்கிறது. சிங்கப்பூர் டாலரும் கூடைக் கணக்குதான். மலேசிய ரிங்கிட் தன்போக்கில் ஏறி இறங்கும். 2024 பிப்ரவரியில் ஒரு அமெரிக்க டாலருக்கு 4.79 ரிங்கிட் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த செப்டம்பரில் 4.20-க்கும் கீழே. ரூபாய் அசையாமல் இருந்தாலும் ரிங்கிட் ஆடினால் அங்கே ரேட் ஆடும். அவர்கள் இரண்டு குதிரையைப் பார்க்க வேண்டும், நமக்கு ஒன்றுதான்.

இலங்கைக்கு அனுப்புகிறவர்கள்?

அவர்கள் பட்ட பாடு தனி. 2022 மார்ச் வரை டாலருக்கு 200 ரூபாய் சுற்றி அதிகாரபூர்வமாகப் பிடித்து வைத்திருந்தார்கள். பிடியை விட்டதும் மே மாதத்துக்குள் 360 வரை போனது. "500 வரும்" என்று வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். 2023 நடுவில் 300 பக்கம் திரும்பி வந்தது. ஆனால் அங்கே அன்று கேஸுக்கும் பால்மாவுக்கும் வரிசை நின்ற வீட்டுக்கு ரேட் பார்த்து யார் அனுப்பினார்கள்? கிடைத்ததை அனுப்பினார்கள்.

முடித்துக்கொண்டு ஊருக்கே போகிறேன். பணிக்கொடை வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றலாமா?

அவசரப்பட வேண்டியது ரேட்டுக்காக இல்லை, எமிரேட்ஸ் ஐடிக்காக. விசா ரத்தாகி ஐடி செல்லாமல் போனால் எக்ஸ்சேஞ்சில் அனுப்புவது சிக்கல். சில வங்கிகள் கடன் பாக்கி பார்ப்பதற்காகக் கணக்கை நிறுத்தியும் வைக்கும். ஆகவே பணத்தை முதலில் இங்கிருந்து கிளப்புங்கள். எல்லாவற்றையும் ரூபாயாக்க மனமில்லை என்றால் போவதற்கு முன்பே ஒரு பகுதியை எஃப்சிஎன்ஆரில் டாலராகப் போடலாம். ஊர் திரும்பிய பிறகும் முதிர்வு வரை அது தொடரும். அதன் பின் ஆர்எஃப்சி என்ற கணக்குக்கு மாற்றி டாலராகவே வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஊரில் ரூபாயில் சாப்பிடப் போகிறவர் பெரும்பகுதியை ரூபாயில் வைத்திருப்பதுதான் சரி என்பது என் எண்ணம்.

லீவில் போகும்போது கையில் நோட்டாகக் கொண்டுபோகலாமா?

வழிச்செலவுக்கு மட்டும். விமான நிலையக் கவுன்டர்தான் இருப்பதிலேயே மட்டமான ரேட். 60,000 திர்ஹாமுக்கு மேல் மதிப்புள்ள ரொக்கத்தோடு கிளம்பினால் இங்கே அறிவிக்க வேண்டும். இந்தியாவில் இறங்கும்போது வெளிநாட்டு நோட்டு 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினால் அங்கேயும். போன தடவை திருச்சியில் இறங்கி, பையில் கிடந்த 185 திர்ஹாமைத் தெரியாத்தனமாகக் கவுன்டரில் நீட்டினேன். அவர்கள் சொன்ன ரேட்டைக் கேட்டு 85-ஐ மட்டும் மாற்றிக்கொண்டு, நூறு திர்ஹாம் நோட்டைப் பாஸ்போர்ட் உறைக்குள் திரும்பச் செருகினேன். லீவு முடிந்து நள்ளிரவில் துபாயில் இரண்டாவது டெர்மினலில் இறங்கினால் மெட்ரோ கிடையாது. டாக்ஸிக்கு அந்த நோட்டுதான்.